வீடற்ற பழங்குடிக் குடும்பங்களைப் பின்தொடர எந்த முறை? கூடலூர், பந்தலூரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்தின் பெயர் அரசின் வீட்டுப் பட்டியலில் ஏறிய நாளுக்கும், அந்தக் குடும்பம் அதே வீட்டில் அடுப்பு மூட்டிக் குடியிருக்கும் நாளுக்கும் நடுவே ஒன்றிரண்டு ஆண்டுகள் சாதாரணமாக ஓடிவிடும். சான்றிதழுக்கு அலைய, வங்கிக்கு உடன் போக, மேஸ்திரியிடம் கணக்குக் கேட்க, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த இடைக்காலத்தில் ஓர் ஆள் வேண்டும். தொண்டு நிறுவனங்களில் கேஸ் ஒர்க் என்று பெயர் பெற்ற இந்த வேலையை இங்கே பின்தொடர்பு என்று எழுதுகிறோம். சங்கமோ ஊராட்சியோ மருத்துவமனையோ இதை நான்கு விதமாக அமைக்கலாம்: அலுவலக மேசை, ஒரு குடும்பத்துக்கு ஒரே களப்பணியாளர், ஒன்பது மாதக் கெடு வைத்த முறை, ஊரிலிருந்தே எடுத்த பணியாளர்களின் குழு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த மலையில் நாலாவது முறைதான் தாங்குகிறது. அதுவும் இரண்டு திருத்தங்களோடு: தாள் வேலைக்கென்று தனி ஆள் வேண்டும்; ஒரு குடும்பத்தின் கோப்பை எப்போது மூடுவது என்பதை மாதக் கணக்கில் வைக்காமல், முடிந்த படிகளின் கணக்கில் வைக்க வேண்டும். மற்ற மூன்றும் வீண் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. எங்கே என்பதுதான் கீழே.

இங்கே வீடற்றவர் என்றால் யார்

பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவரை மட்டும் கணக்கெடுத்தால் எண்ணிக்கை மிகச் சிறிதாகத் தெரியும். நீலகிரியில் வீடின்மை பெரும்பாலும் ஒரு கூரைக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறது. 1990களில் கட்டிய தொகுப்பு வீட்டில் அண்ணன், தம்பி, திருமணமான மகள் என்று மூன்று குடும்பம். எஸ்டேட் வேலை போனதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள். மழையில் சுவர் சாய்ந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியவர்கள். முதலாளியின் தோட்டத்து ஓரத்தில் அவர் தயவில் குடிசை போட்டிருப்பவர்கள். இவர்களில் சிலர் முன்பணக் கடனில் கட்டுண்டவர்கள். புலிகள் காப்பகத்திலிருந்து இழப்பீடு வாங்கி வெளியே வந்து, வாங்கிய நிலம் தரகரால் சிக்கலாகி நிற்பவர்கள். கடைசியாக, மனநோயோடு ஊரைவிட்டுக் கிளம்பி ஊட்டியிலோ கூடலூரிலோ திரிபவர்கள்.

இந்த ஆறு வகைக்கும் தேவை ஒன்றல்ல. மூன்று குடும்பம் நெருக்கியடிக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆலோசகர் வேண்டாம், மனை வேண்டும். பேருந்து நிலையத்தில் கண்டவருக்கு மனை கிடைத்தாலும் மருந்து நின்றால் மறுபடி தெருதான். ஆகவே முதல் சந்திப்பில் குறிக்க வேண்டியது இரண்டே கேள்வி: நிலத்தில் உரிமை எந்த நிலையில் இருக்கிறது, உடல்நலத்தில் தினசரி கவனிப்புத் தேவையா. இந்த இரண்டுக்கும் வரும் பதிலே முறையைத் தீர்மானிக்கிறது.

தாள் எவ்வளவு காலம் தின்கிறது

தமிழ்நாட்டில் பட்டியலிடப்பட்ட ஆறு தொல்பழங்குடிகளும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர், நீலகிரியில் வாழ்கிறார்கள். 2023 நவம்பர் 15 அன்று தொடங்கிய பிஎம்-ஜன்மன் என்ற தொல்பழங்குடிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இவர்களுக்கு வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய். கழிப்பறைக்கு 12,000 தனி, வேலை உறுதித் திட்டத்தில் உழைப்புக் கூலி தனி. மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம். பணம் இருக்கிறது. முட்டுக்கட்டை நிலத்தாளில்தான்.

வரிசையாகப் பார்த்தால் இப்படி. பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தரவேண்டும். மனுவை இ-சேவை மையத்தில் போட்டாலும் விசாரணை ஊருக்கு வரும். அன்றைக்குக் குடும்பம் குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தால் மனு தள்ளுபடி. ஆதாரில் பிறந்த தேதி பெரும்பாலும் சனவரி 1. ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, வங்கியில் மூன்றாவது. ஓராண்டுக்கு மேல் ஆன பிறப்பைப் பதியவும் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும்.

அடுத்தது நிலம். வன உரிமைச் சட்டம் 2006-இன்படி 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள வனநிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, உரிமை கோரலாம். படிவம் அ-வை நிரப்பி, குறைந்தது இரண்டு ஆதாரம் இணைத்து வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவரின் எழுத்துவடிவ வாக்குமூலமும் ஆதாரமாகச் செல்லும். இதைத் தெரியாமல் அரசுத் தாள் இல்லை என்று விட்டுவிடுபவர்களே அதிகம். கிராம சபை தீர்மானம், கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று மூன்று படி. தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. தள்ளுபடிக் கடிதத்தை எழுத்தில் வாங்கவில்லை என்றால் அந்த 60 நாள் எப்போது தொடங்கியது என்பதே தெரியாமல் போகும். உரிமைப் பட்டயம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரவேண்டும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. கோரிக்கை முடியும்வரை வெளியேற்றக்கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. வனச்சரகர் வந்து குடிசையைப் பிரிக்கச் சொல்லும் நாளில் இந்தப் பிரிவின் நகலும் மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

கூடலூருக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு: ஜன்மி நிலம், அதாவது முன்பு ஜன்மி எனப்பட்ட பெருநிலவுடைமையாளரிடம் இருந்த நிலம். 1969-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974-இல் நடைமுறைக்கு வந்தது, இன்றுவரை அந்தச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும், உரிமை முடிவாகாத நிலத்தில் பட்டா எளிதில் கிடைப்பதில்லை. மின் இணைப்பும் அதே காரணத்தால் நிற்கும். ஒரு குடும்பம் வசிக்கும் சர்வே எண் பிரிவு 17-இல் விழுகிறதா என்று முதல் மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிட வேண்டும். விழுந்தால் அங்கேயே வீடு என்ற கனவை வளர்க்காமல், பக்கத்தில் புறம்போக்கு மனைக்கோ வன உரிமைக்கோ திசை மாற்றுவது நல்லது. எட்டு மாதம் அலைந்தபின் இதைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு.

இவ்வளவையும் விரித்துச் சொல்லக் காரணம், கீழே வரும் நான்கு முறைகளும் இந்தக் காலக் கணக்கில்தான் தேறுகின்றன அல்லது தோற்கின்றன.

மேசை முறை

கூடலூர் பஜாரில் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு ஆள். வருபவருக்கு எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று சொல்லி, எழுதிக் கொடுத்து அனுப்புவது. ஓர் ஆள் 80, 100 குடும்பம்வரை பார்க்கலாம். செலவு மிகக் குறைவு. நிதி தருபவருக்குக் காட்ட எண்ணிக்கையும் அழகாக வரும்.

யாருக்கு உதவும்? ஆதார், சான்றிதழ், பட்டா எல்லாம் சரியாக இருந்து, வீட்டுப் பணத்தில் ஒரு தவணை மட்டும் நின்றுபோனவருக்கு. படித்த பிள்ளை வீட்டில் இருப்பவருக்கு. மற்றவர்களுக்கு இது எடுபடாது. சேரம்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்தால் ஒருநாள் கூலி போச்சு, பேருந்துச் செலவு போச்சு. அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினால் இரண்டாம் முறை வருவார். மூன்றாம் முறை வரமாட்டார். மேசையில் உள்ளவர் தொடர்பில் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடுவார். மிகவும் தேவை உள்ளவரையே முதலில் உதிர்த்துவிடும் சல்லடை இது.

இருந்தாலும் மேசை முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: முகாம் நாள். ஆதார் திருத்தம், சான்றிதழ் மனு, ரேஷன் பெயர்ச் சேர்ப்பு, வங்கி ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஊருக்குக் கொண்டுவந்தால் பல மாத அலைச்சல் குறையும். வருவாய்த் துறையும் வங்கியும் ஒரே தேதியில் வருவதை உறுதிசெய்யாமல் முகாம் அறிவிக்கக் கூடாது; ஒன்று வந்து மற்றது வராத முகாமுக்குப் பின், அடுத்த முகாமுக்கு ஊரார் வேலையை விட்டு வரமாட்டார்கள். தேயிலை பறித்து விரல்ரேகை தேய்ந்த பெண்களுக்குக் கருவிழிப் பதிவுக் கருவி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஒரே களப்பணியாளர் முறை

ஒருவருக்கு 15 முதல் 20 குடும்பம். தொடக்கத்தில் இருந்து முடிவுவரை அவரே. உலகெங்கும் தீவிரப் பின்தொடர்பு என்று நடப்பது இதுதான். இங்கே 20 என்பதும் அதிகம். தொடக்க மாதங்களில் குடும்பத்துக்கு மாதம் இருமுறை போகவேண்டும் என்று வைத்தால் 15 குடும்பத்துக்கு 30 வருகை. பேருந்தை நம்பி, மீதி தூரம் நடந்து போனால் ஒருநாளைக்கு இரண்டு ஊர், தப்பினால் மூன்று. அலுவலகம், வங்கி, நீதிமன்றம் என்று மாதம் ஆறேழு நாள் போய்விடும். மழைக்காலத்தில் பாதி நாள் பாதை கிடையாது. 15-க்கு மேல் கொடுத்தால் அவர் தொலைபேசியிலேயே விசாரித்து எழுதத் தொடங்குவார்.

இந்த முறையின் பலம் நம்பிக்கை. பலவீனமும் அங்கேதான். எல்லா விவரமும் அந்த ஒருவரின் தலையிலும் செல்போனிலும் இருக்கும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்து அவர் கிளம்பினால் குடும்பம் முதல் படிக்கு வந்துவிடும். இன்னொரு கேடு: வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வங்கிப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் அவரே வைத்துக்கொள்வார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதுவரை முதலாளி செய்ததும் இதேதான் என்பது குடும்பத்துக்குத் தெரியும். விதி கறாராக இருக்க வேண்டும்: மூலத்தாள் குடும்பத்திடம், நகல் கோப்பில். வீடு ஒழுகும் என்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மொழி இன்னொரு சுவர். பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில் பேசுவது அவர்களுடைய மொழி. வெளியாரிடம் மலையாளம் கலந்த தமிழ். ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த சமூகப்பணிப் பட்டதாரி கேட்கும் கேள்விக்கு எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ என்று பதில் வந்தால், அதைச் சம்மதம் என்று எழுதிவிடக் கூடாது.

ஒன்பது மாத முறை

நியூயார்க்கில் ஆண்களுக்கான ஒரு பெரிய தங்குமிடத்திலிருந்து வெளியேறும் மனநோயாளிகளுக்காக உருவானது இது. 1997-இல் அதன் சோதனை முடிவுகள் வெளியாயின. மூன்று மூன்று மாதமாக மூன்று கட்டம்: முதலில் பணியாளர் நெருக்கமாக உடன் இருப்பார், பிறகு உள்ளூர் ஆட்களிடம் பொறுப்பை மாற்றிப் பார்ப்பார், கடைசியில் விலகுவார். விலகும் தேதி முதல்நாளே தெரியும் என்பதுதான் இதன் சூட்சுமம். அந்தக் கெடு இருப்பதால் பணியாளர் தன்னைத் தவிர வேறு யார் இந்தக் குடும்பத்துக்குத் துணை என்று தேடியே ஆக வேண்டும்.

நிதி தருபவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். அப்படியே இறக்குமதி செய்தால் கூடலூரில் என்ன ஆகும்? அனுமதி வந்த நாளில் கடிகாரத்தை ஓடவிட்டால் ஒன்பதாம் மாதத்தில் வீடு லிண்டலில், அதாவது கதவு, சன்னலின் மேல்மட்டத்தில், நிற்கும். பணியாளர் விலகுவார். கான்ட்ராக்டரும் விலகுவார்.

கடிகாரத்தைக் குடியேறிய நாளிலிருந்து ஓடவிட்டால் இதே முறை அருமையாக வேலை செய்கிறது. மனநலக் காப்பகத்திலிருந்து ஊர் திரும்புபவர், கொத்தடிமையிலிருந்து விடுபட்டு மனையும் வீடும் ஏற்கெனவே பெற்றவர், இவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. மனநோயோடு திரிபவரைக் கண்டால் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 100-இன்படி காவல்துறை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். சிகிச்சை முடிந்து வரும்போது முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று போனால் போதும். மருந்து தீர்ந்துபோவது, மாதாந்திரச் சிகிச்சை நாளை மறப்பது, பழைய கடன்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும் இடறல்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ வீட்டுச் சுவரில் எழுதிவைத்துவிடலாம். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து.

தனியாக வாழ முடியாதவர்களுக்குப் மனநலத் துறையில் வேலை செய்யும் பான்யன் அமைப்பு 2015-இல் தொடங்கிய வழியும் உண்டு: நீண்டகாலம் மனநல விடுதியில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரண வாடகை வீட்டில், உதவியாளரோடு வாழ்வது. பழங்குடி ஊர்களில் வாடகை வீடு அபூர்வம். ஆனால் உறவினர் வீட்டை ஒட்டி ஓர் அறை எடுத்துக் கட்டுவது அதே பலனைத் தரும்.

ஊர்ப் பணியாளர் குழு

60 குடும்பத்துக்கு எங்கள் கணக்கு இது: பழங்குடி ஊர்களிலிருந்தே எடுத்த மூன்று பணியாளர்கள், ஆளுக்கு 20 குடும்பம், கூடலூரில் தாள் வேலைக்கு ஒருவர், வாரம் இரண்டு நாள் ஒரு செவிலியர். வெளியூர்ப் பணியாளருக்கு 15 என்றவர்கள் இங்கே 20 என்பது ஏன் என்றால், ஊர்ப் பணியாளர் பயணத்தில் நேரம் இழப்பதில்லை, அலுவலக நாட்களைத் தாள் ஆள் சுமக்கிறார். வாரம் ஒருமுறை ஐவரும் உட்கார்ந்து அத்தனை குடும்பத்தையும் ஒரு சுற்றுப் பேசிவிட வேண்டும். அப்போதுதான் ஒருவர் விடுப்பில் போனாலும் குடும்பம் அந்தரத்தில் நிற்காது.

இந்த மலைக்கு இது புதிதும் அல்ல. 1980களில் தொடங்கிய, கூடலூர்ப் பழங்குடிகளோடு வேலை செய்யும் அக்கார்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், 1990-இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், ஊரிலிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து நடந்த வழிதான். கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தின் அனுபவமும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் தனி அலுவலகம் திறப்பதற்கு முன் இவற்றின் ஏரியா மையங்களில் இடம் கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கோளாறுகளை மறைக்கக் கூடாது. முதலாவது, உறவு. பணியாளரின் மைத்துனர் பெயர் பட்டியலில் மேலே ஏறும். ஏறாவிட்டால் வீட்டில் சண்டை. வரிசையை ஊர்க்கூட்டத்தில் மூப்பன் (ஊர்த் தலைவர்) முன்னிலையில் வெளிப்படையாக முடிவுசெய்து சுவரில் ஒட்டிவிட்டால் பணியாளர் தப்பிப்பார். இரண்டாவது, பணியர் ஒருவரைக் காட்டுநாயக்கர் ஊருக்கு அனுப்பினால் மரியாதையாகத் தேநீர் கொடுப்பார்கள், விஷயம் சொல்லமாட்டார்கள். இயன்றவரை அந்தந்தச் சமூகத்திலிருந்தே ஆள் எடுக்க வேண்டும். மூன்றாவது, அடி உதை, குடும்பச் சச்சரவு போன்ற விஷயங்களில் ஊர்ப் பணியாளரே கேட்பது ஆபத்து. அவற்றை மட்டும் பக்கத்து ஊர்ப் பணியாளருக்கோ செவிலியருக்கோ மாற்றிவிடுங்கள். நான்காவது, அலுவலகங்களில் பழங்குடிப் பணியாளரை வாசலிலேயே நிற்கவைப்பது. தாள் ஆள் தேவைப்படும் முக்கியக் காரணம் படிவம் நிரப்புவது மட்டுமல்ல. அமைப்பின் கடிதத்தோடும் பதிவேட்டோடும் போய் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராத பிடிவாதம் அவருக்கு இருக்க வேண்டும். ஐந்தாவது, ஊதியம். ஊர்க்காரர்தானே என்று பாதிச் சம்பளம் கொடுத்தால் தோட்ட வேலை கிடைத்த நாளில் அவர் அதற்குப் போவார், போகவும் வேண்டும்.

கோப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பக்கத்தில் படிகளும் தேதிகளும்: சான்றிதழ், நிலத்தாள், அனுமதி, அடித்தளம், லிண்டல், கூரை, கழிப்பறை, மின்சாரம், குடியேற்றம். இரண்டாம் பக்கத்தில் எந்த மூலத்தாள் யாரிடம், அடுத்து யார் எங்கே எப்போது போகவேண்டும், குடும்பம் எந்த மாதங்களில் ஊரில் இருக்காது. இந்தக் கடைசி வரிதான் வெளியூர்ப் பணியாளர்கள் தவறவிடுவது. தை, மாசியில் காப்பி, மிளகுப் பறிப்பு, கோடையில் தேன், இஞ்சிக்குக் கர்நாடகம். வீடு பூட்டியிருப்பதைக் கண்டு வீட்டைக் கைவிட்டார்கள் என்று எழுதினால் ஆய்வில் அந்தக் குடும்பத்தின் பெயரே கேள்விக்குள்ளாகும்.

மதுக்குடியை நிறுத்தினால்தான் வீடா

எந்த முறையை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். சில அமைப்புகள் அப்படி நிபந்தனை வைக்கின்றன. 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘முதலில் வீடு’ இயக்கம் இதை எதிர்த்தது: வீட்டைக் கொடு, சிகிச்சையை விருப்பத்துக்கு விடு. நாங்களும் அந்தப் பக்கம்தான். வீடு சட்டப்படியான உரிமை. அதை நடத்தைக்குப் பரிசாக மாற்றும் அதிகாரம் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் இல்லை. நடைமுறையில் வேறு ஒன்றைச் செய்யலாம். தவணைப் பணம் வரும் கணக்கை மனைவி பெயரிலோ கூட்டுக் கணக்காகவோ தொடங்குவது. பணம் வந்த அன்றே பொருளாக மாற்றிவிடுவது. மதுக்கடையைவிட ஹார்டுவேர் கடைக்கு முதலில் போனால் பாதிச் சிக்கல் தீரும்.

கட்டுமானம்: பின்தொடர்பவர் தெரிந்திருக்க வேண்டியது

சமூகப்பணியாளருக்குச் சிமென்ட் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது பெரும்பாலும் அரைகுறையாக நின்ற சுவரில்தான்.

பணம் கட்டம் கட்டமாக, புகைப்படமும் இடக்குறியீடும் ஏற்றியபின் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டு ஆண்டு நடமாட்டம் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆதார் இணைப்பு வேறொரு பழைய கணக்கில் இருந்தால் பணம் அங்கே போகும், குடும்பம் இங்கே காத்திருக்கும். அனுமதிக்கு மனு போடும் முன்பே ஒரு சிறு தொகையைப் போட்டு எடுத்துக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மத்திய ஊரக வீட்டுத் திட்டத்தில் பயனாளியே கட்டவேண்டும், கான்ட்ராக்டர் கூடாது என்பது விதி. மலையில் கான்ட்ராக்டர் இல்லாமல் நடப்பது அரிது. ஆகவே அவரிடம் எழுத்தில் வாங்குவது முக்கியம். முன்பணம் கூடாது, ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அந்தக் கட்டத்துக்கான தொகை, கூரைத் தவணையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து முதல் மழைக்குப் பின் கொடுப்பது. பணம் எடுக்கும் நாளில் பணியாளர் உடன் போகவேண்டும். லிண்டல்வரை இலாபம், அதற்குமேல் நட்டம் என்பதால்தான் பல வீடுகள் லிண்டலில் நிற்கின்றன.

சுமைக்கூலி அடுத்த பூதம். 25 சதுர மீட்டர் வீடு என்றால் சுமார் 270 சதுர அடி. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற மேஸ்திரிக் கணக்கில் 108 மூட்டை சிமென்ட், அதுவே 5.4 டன். இதனோடு எம்-சாண்ட், ஜல்லி, கல், கம்பி. ஜீப் போகும் இடத்திலிருந்து மனை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் தலைச்சுமைச் செலவு மதிப்பீட்டில் எங்கும் இருக்காது. பக்கத்து நான்கைந்து வீடுகளுக்கு ஒரே நேரத்தில் பொருள் இறக்கினால் இது கணிசமாகக் குறையும். அப்படியானால் குடும்பங்களை ஒன்றொன்றாகப் பின்தொடராமல் ஊராகப் பின்தொடர வேண்டும். ஊர்க்குழு முறைக்கு இது இன்னொரு ஆதரவு.

கூடலூர்ப் பக்கம் டிசம்பருக்குள் அடித்தளம், ஏப்ரலுக்குள் கூரை. மே தாண்டினால் அடுத்த அக்டோபர்தான். நனைந்த சிமென்ட் மூட்டை கல்லாகிவிடும் என்பதால் மழைக்கு முன் இறக்கி அடுக்குவது வீண் செலவு.

வடிவமைப்பில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: அடுப்பு எங்கே. ஜூன், ஜூலையில் விறகு காயவைக்க அடுப்புக்கு மேல் பரண் வேண்டும், புகை போக வழி வேண்டும். இது இல்லாத கான்கிரீட் வீட்டில் அரிசி மூட்டையும் பெட்டியும் இருக்கும், குடும்பம் பக்கத்துப் பழைய குடிசையில் தூங்கும். ஆய்வுக்கு வருபவர் வீடு பயன்பாட்டில் இல்லை என்று எழுதுவார். அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஈரமும் குளிரும் வலியைக் கிளப்பிவிடும். அந்த வீடுகளுக்குத் தரைமட்டம் உயர்த்துவதும் கூரை ஒழுகாததும் சிகிச்சையின் பகுதி. மனைக்கு அருகில் பலாமரம் இருந்தால் யானை வரும். மரத்தை வெட்ட வேண்டாம், பிஞ்சிலேயே காயை இறக்கிவிடலாம்; அரிசியையும் உப்பையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

கோப்பை எப்போது மூடுவது

குடியேறியபின் ஒரு பெருமழைக்காலம் அந்த வீட்டில் கழிய வேண்டும். இதுதான் எங்கள் அளவுகோல். கூடலூர், பந்தலூரில் அது ஜூன் முதல் செப்டம்பர்வரையிலான தென்மேற்குப் பருவம். மேற்குச் சரிவின் மழை எப்படிப்பட்டது என்பதற்கு 2019 ஆகஸ்ட் 8 ஒன்று போதும்: அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவம்தான் சோதனை. 2009 நவம்பர் மண்சரிவுகள் அந்தப் பக்கம் நடந்தவை. ஆகவே அங்கே கோப்பை மூடுவது பொங்கலுக்குப் பிறகு. மழையில் ஒழுகாமல், பின்சுவர் மண் சரியாமல், குடும்பம் வேறிடம் ஒதுங்காமல் இருந்தால் படி முடிந்தது.

பழனி மலையில் என்ன மாறும்

திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலையில் பாச்சலூர், பெரியூர், தாண்டிக்குடி, வடகவுஞ்சி வட்டாரத்துப் பளியர் பழங்குடியினர் தொல்பழங்குடிப் பட்டியலில் இல்லை. பிஎம்-ஜன்மன் வீடு அவர்களுக்குக் கிடையாது; கனவு இல்லம், பொது ஊரக வீட்டுத் திட்டம், பழங்குடி ஊர்களுக்காக மத்திய அரசு 2024-இல் தொடங்கிய தர்தி ஆபா இயக்கம் ஆகியவற்றில் தேட வேண்டும். அதே மலையில் வாழும் புலையர்கள் 1976 முதல் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்தாலும் திட்டமும் அலுவலகமும் வேறு. ஒரே பட்டியலாகப் போட்டு மனு கொடுத்தால் இரண்டும் திரும்பி வரும்.

தோட்டக் குடிசைகளில் முன்பணக் கடனோடு இருப்பவர்களுக்கு முதல் தாள் வீட்டு மனு அல்ல, விடுதலைச் சான்றிதழ். மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ தருவது. அது இருந்தால் உடனடி உதவி அதிகபட்சம் 30,000 ரூபாய், மறுவாழ்வு உதவி வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்டவருக்கு 3 லட்சம். மீட்ட அன்று இரவு எங்கே தங்குவது என்பதை முந்தைய நாளே முடிவுசெய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய தோட்டத்துக்கே திரும்புவார்கள்.

இந்த மலையில் ஊர்கள் சிறியவை, தூரம் அதிகம். ஒரு பணியாளருக்கு 12 குடும்பத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரே ஒருவருக்குத்தான் சம்பளம் என்றால்

சின்னச் சங்கங்களின் உண்மை நிலை இதுதான். அப்போது தாள் ஆளையா, ஊர்ப் பணியாளரையா முதலில் எடுப்பது? ஊர்ப் பணியாளரை எடுங்கள். தாள் வேலையை இலவசச் சட்ட உதவி தரும் வட்டச் சட்டப்பணிக் குழுவின் தன்னார்வலரிடமும் இ-சேவை மையத்திடமும் ஓரளவு வாங்கிவிட முடியும். இரவு பத்து மணிக்கு யானை சுவரை இடித்ததும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை வெளியிலிருந்து வாங்க முடியாது. 20 குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இருபதையும் இரண்டு அல்லது மூன்று பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்தே எடுங்கள், மாவட்டம் முழுக்கத் தெளிக்காதீர்கள். அதில் நிலத்தாள் உறுதியானவர்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும். முதல் ஆண்டில் சில வீடுகளாவது கூரை ஏறினால்தான் ஊர் அடுத்த மனுவுக்குக் கைநாட்டு வைக்க வரும். பிரிவு 17 நிலத்தில் உள்ளவர்களை ஒதுக்கிவிடாமல் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு வீடு என்று வாக்குக் கொடுக்காமல் கூரைக்குத் தார்ப்பாயும் சான்றிதழும் ரேஷனும் மட்டும் இந்த ஆண்டின் இலக்கு என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள்.